வாசகர் கேள்விகள்: வாள்பல் பூனையும் குகை தோண்டியவர்களும்

சென்ற இதழில் பனியுக விலங்குகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலான கடிதங்கள் வாள்பல் பூனையைப் பற்றியவை என்பதால், இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ‘வாள்பல் புலி’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது இன்றைய புலியின் முன்னோரா? அதன் எலும்புகள் குகைகளில் ஏராளமாகக் கிடைக்கக் காரணம் என்ன? (பள்ளி ஆசிரியர், திருச்சிராப்பள்ளி)

பதில்: முன்னோர் அல்ல. பூனைக் குடும்பத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பிரிந்து, வாரிசு எதையும் விட்டுவைக்காமல் அழிந்துபோன ஒரு கிளை அது. அந்தக் கிளையிலும் ஒரே விலங்கு இருக்கவில்லை. அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்த ஸ்மைலோடான், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று எங்கும் பரவியிருந்த ஹோமோதீரியம், அவற்றைவிடச் சிறிய மெகாந்தீரியான் ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை.

குகைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன என்பதை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். ஸ்மைலோடான் எலும்புகள் கொட்டிக் கிடந்த இடம் குகை அன்று. லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குள் இருக்கும் லா பிரேயா தார்க் குழிகள்தாம். அங்கிருந்து மட்டும் 2,000க்கும் மேற்பட்ட ஸ்மைலோடான்களின் எலும்புகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியக் குகைகளில் கரடியும் கழுதைப்புலியும் கூடை கூடையாகக் கிடைத்தபோதும், வாள்பல் பூனையின் பல் ஒன்றிரண்டு அகப்படுவதே அரிது. இதற்கு விலக்காக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃப்ரீசன்ஹான் என்ற குகை உண்டு. ஹோமோதீரியத்தின் குட்டிகளும் வளர்ந்தவையும், அவற்றோடு மாமூத் யானைக் கன்றுகளின் எலும்புகளும் பற்களும் அங்கே ஒருசேரக் கிடைத்ததால், அந்தப் பூனைகள் குடியிருந்து இரையை இழுத்து வந்து தின்ற வளை அது என்று கருதுகிறார்கள்.

பொதுவாக எலும்பு குகைக்குள் சேர்வதற்குச் சில வழிகள்தாம் உண்டு: விலங்கு அங்கேயே வாழ்ந்து மடிந்திருக்கும், மேலே உள்ள திறப்பின் வழியாகத் தவறி விழுந்திருக்கும், வெள்ளம் அடித்து வந்திருக்கும், அல்லது வேறொரு விலங்கு கவ்வி வந்திருக்கும். கடைசி வழியை நிரூபித்தவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் வில்லியம் பக்லண்ட். யார்க்‌ஷயரில் 1821இல் வெளிப்பட்ட கிர்க்டேல் குகையில் எலும்புகள் ஒரே விதமாகக் கடிபட்டிருந்ததைக் கண்ட அவர், உயிருள்ள ஒரு கழுதைப்புலிக்கு மாட்டெலும்பைக் கொடுத்துத் தின்னவைத்து, மிச்சத்தைக் குகை எலும்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் பல் பதிந்த விதம் ஒன்றாகவே இருந்தது.

கேள்வி: இந்த விலங்கின் பல்லை முதலில் கரடிப்பல் என்று நினைத்தார்களாமே, உண்மையா? குகையில் அதை முதலில் எடுத்தவர் யார்? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: உண்மைதான், நினைத்தவரும் சாதாரண ஆள் அல்லர். ஒற்றை எலும்பைக் கொண்டு முழு விலங்கையும் சொல்லிவிடுவார் என்று ஐரோப்பா முழுவதும் வியந்த பாரிஸ் அறிஞர் ஜார்ஜ் குவியே, இத்தாலியின் ஆர்னோ பள்ளத்தாக்கில் கிடைத்த தட்டையான கோரைப்பற்களை அழிந்துபோன ஒரு கரடியினுடையவை என்று முடிவு செய்திருந்தார். பல் மட்டும் தனியாகக் கிடைத்ததும், அதே இடத்தில் கரடி எலும்புகள் கலந்து கிடந்ததும் அதற்குக் காரணம்.

இந்த நிலையில்தான் ஜான் மெக்எனெரி வருகிறார். அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியாரான இவர், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள டார்க்கி என்ற ஊரில், டோர் அபி மாளிகைக் குடும்பத்தின் சிற்றாலயத்தில் பணியாற்றி வந்தார். ஊருக்கு அருகில் கென்ட்ஸ் கேவர்ன் என்ற சுண்ணாம்புக்கல் குகை. 1825இல் அங்கே தோண்டத் தொடங்கிய மெக்எனெரி, 1826 ஜனவரியில் சில கோரைப்பற்களைக் கண்டெடுத்தார். அவை கரடியின் கோரைப்பல்லைப் போல உருண்டு தடித்தவை அல்ல. பக்கவாட்டில் தட்டையாக, பின்னோக்கி வளைந்து, இரண்டு விளிம்புகளிலும் கருக்கரிவாளின் வாய் போல நுண்ணிய பற்களோடு இருந்தன. விரலால் தடவினாலே அந்தச் சொரசொரப்புத் தெரியும். இறைச்சியை அறுக்கவே அமைந்த விளிம்பு அது.

ஆனாலும் குவியேயின் சொல்லுக்கு அப்போது இருந்த மதிப்பில், அந்தப் பற்களும் கரடிக் கணக்கிலேயே எழுதப்பட்டன. 1828இல் ஃபிரான்சின் ஓவெர்ன் பகுதியில் அகப்பட்ட மண்டையோட்டைக் கொண்டு, இது பூனையினம் என்று ஒகுஸ்த் பிராவார் எடுத்துக்காட்டினார். கரடிக் கதை அதன்பின் மெல்ல ஓய்ந்தது. (இதே பிராவார் பின்னாளில் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கும் புதைபடிவங்களைத் தேடி, 1861ஆம் ஆண்டு மெந்தோசா நிலநடுக்கத்தில் உயிரிழந்தார்.) கென்ட்ஸ் கேவர்ன் பற்களுக்குத் தனி இனப்பெயர் கொடுத்தவர் ரிச்சர்டு ஓவன், ஆண்டு 1846. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மெக்எனெரி காலமாகிவிட்டார்.

கேள்வி: மெக்எனெரி தமது நூலை வெளியிடாமல் இருந்ததற்கு மத நம்பிக்கை காரணம் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்)

பதில்: அப்படி ஒற்றைக் காரணத்தில் அடைத்துவிட முடியாது என்பது என் எண்ணம். நடந்தது இதுதான். குகையின் தரையில், சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டி இறுகிய கல்தளம் ஒன்று இருந்தது. அதை உடைத்துக் கீழே போனபோது, அழிந்த விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல் கருவிகளும் மெக்எனெரிக்குக் கிடைத்தன. மேலே உள்ள தளம் உடைபடாமல் இருந்தால், கீழே கிடப்பவை எல்லாம் அத்தளம் உருவாவதற்கு முன்பே அங்கே வந்து சேர்ந்தவை என்றுதான் பொருள். மனிதனும் மாமூத் யானையும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்ற முடிவு அதிலிருந்து தானாகவே வரும். அந்தக் காலத்தில் அறிவுலகம் அதை ஏற்கத் தயாராக இல்லை. பிற்காலத்து மக்கள் அடுப்பு அமைப்பதற்காகத் தளத்தில் குழி தோண்டியிருப்பார்கள், கருவிகள் அந்த வழியாகக் கீழே இறங்கியிருக்கும் என்று பக்லண்ட் விளக்கம் சொன்னார். அப்படிப்பட்ட குழி எதையும் தாம் காணவில்லை என்று மெக்எனெரி குறித்துவைத்தார். ஆனால் தம்மைவிடப் பெயர்பெற்ற நண்பரை எதிர்த்து அச்சில் வாதாட முன்வரவில்லை.

படங்களோடு நூல் வெளியிடத் திட்டமிட்டது அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. அவருடைய சேகரிப்பு ஏலத்தில் சிதறியது. கையெழுத்துப் படியின் ஒரு பகுதி 1859இலும், முழுமையான வடிவம் 1869இலும்தான் அச்சாயின. அதற்குச் சற்று முன்பே, 1858ஆம் ஆண்டு, அருகிலுள்ள பிரிக்ஸம் என்ற ஊரின் குகையில், உடைபடாத கல்தளத்துக்கு அடியில் மறுபடியும் கல் கருவிகள் வெளிவந்து, மெக்எனெரி சொன்னது சரியென்று ஊரறியத் தெரிந்துவிட்டது.

கேள்வி: குகையில் பல் கிடைத்தால் போதாதா? ‘எந்த அடுக்கில் கிடைத்தது’ என்று அறிஞர்கள் இவ்வளவு சண்டை போடுவது எதற்காக? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பல் என்ன விலங்கினுடையது என்பதை மட்டுமே பல் சொல்லும், அந்த விலங்கு எப்போது, யாரோடு வாழ்ந்தது என்பதை அது கிடந்த மண்தான் சொல்லும். இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்து வேலை செய்தவர் வில்லியம் பெங்கெல்லி. டார்க்கியில் பள்ளி நடத்திய இவர், பிரிக்ஸம் அகழ்வில் கற்ற முறையை மேலும் செம்மைப்படுத்தி, பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் கழகத்தின் பண உதவியோடு 1865 முதல் 1880 வரை பதினைந்து ஆண்டுகள் கென்ட்ஸ் கேவர்னைத் தோண்டினார்.

அவருடைய முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குகையின் நீளவாக்கில் ஒரு நேர்கோட்டை வரைந்து, அதிலிருந்து குறுக்காக அளந்து, மண்ணை ஒரு கஜ நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் கொண்ட கட்டிகளாகப் பிரித்துக்கொண்டார். தொழிலாளர்கள் ஒவ்வொரு கட்டியையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதலில் கிளறிப் பார்ப்பார்கள். பிறகு அதே மண்ணைக் குகை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் மறுபடியும் சோதிப்பார்கள். கிடைத்தவற்றையெல்லாம் அந்தக் கட்டிக்குரிய பெட்டியில் இட்டு, எந்த வரிசை, எந்தக் கஜம், எத்தனையாவது அடி என்று சீட்டு எழுதி வைப்பார்கள். மாலையில் பெங்கெல்லி நாட்குறிப்பில் பதிவார். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இன்றைக்கும் ஓர் எலும்பை எடுத்து அது குகையில் எங்கே கிடந்தது என்று ஏறத்தாழக் காட்டிவிட முடிகிறதென்றால், அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டதால்தான். புதிய பொருளைக் கண்டெடுத்த புகழைவிட இந்தப் பெட்டிகளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மெக்எனெரி சொன்ன வாள்பல் பூனை மெய்தானா என்ற ஐயமும் இந்த முறையால்தான் நீங்கியது. ஏழு ஆண்டுகள் தோண்டியும் பெங்கெல்லிக்கு அந்த விலங்கின் சுவடே கிடைக்கவில்லை. வேறெங்கோ கிடைத்த பற்கள் மெக்எனெரியின் சேகரிப்பில் கலந்திருக்கும் என்று பேசியவர்களும் உண்டு. 1872 ஜூலை 29 அன்று ஒரே ஒரு வெட்டுப்பல், கல்தளத்துக்குக் கீழே உள்ள குகை மண்ணில் அகப்பட்டது. அவ்வளவுதான், அதன்பின் 1880 வரை இன்னொன்று கிடைக்கவில்லை. எனினும் அந்த ஒன்று போதுமானதாக இருந்தது, ஏனெனில் அது கிடந்த இடத்தின் முகவரி எழுதப்பட்டிருந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பல் அந்தக் குகையில் இருந்தது என்பதும் அந்தப் பூனை அந்தப் பக்கத்தில் வாழ்ந்தது என்பதும் ஒன்றல்ல. பழங்கற்கால மனிதர்கள் வேறெங்கோ கிடைத்த பல்லை அழகுக்காகவோ வியப்புக்காகவோ எடுத்து வந்து போட்டிருக்கலாம் என்ற கருத்தும் பிற்காலத்தில் எழுந்திருக்கிறது.

கேள்வி: குகை ஆராய்ச்சியில் மோசடி நடந்ததுண்டா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: மோசடி என்று முத்திரை குத்த முடியாத, ஆனால் நாற்றம் இன்றுவரை போகாத ஒரு வழக்கு உண்டு. டார்பிஷயர், நாட்டிங்ஹம்ஷயர் எல்லையில் உள்ள கிரெஸ்வெல் கணவாயில், ராபின் ஹுட் குகை என்ற இடத்தில் 1876இல் அகழ்வு நடந்தது. தலைமை தாங்கியவர்கள் மெல்லோ என்ற பாதிரியாரும், மான்செஸ்டர் பேராசிரியர் வில்லியம் பாய்ட் டாக்கின்ஸும். அந்தக் கோடையில் சில நாள் இடைவெளியில் இரண்டு அரும்பொருள்கள் வெளிவந்தன: குதிரைத் தலை செதுக்கிய எலும்புத் துண்டு ஒன்று, வாள்பல் பூனையின் கோரைப்பல் ஒன்று. பல்லை எடுத்தவர் டாக்கின்ஸ். அகழ்வைக் கவனித்துவந்த டார்பி அருங்காட்சியகப் பொறுப்பாளர் தாமஸ் ஹீத், அந்தப் பொருள்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டவை என்ற பொருள்பட எழுதினார். செய்தித்தாளில் கடிதத்துக்குக் கடிதம் பறந்தது. டாக்கின்ஸின் பதில்களில் விளக்கத்தைவிடக் கோபமே கூடுதலாக இருந்தது.

மண்ணில் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரினை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஒரே இடத்தில் ஒரே காலம் கிடந்த எலும்புகளில் அதன் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மனிதனின் முன்னோர் என்று உலகை நம்பவைத்த பில்ட்டவுன் மனிதன் என்ற பெரும் புரட்டு 1953இல் வெளிப்பட்டதற்கு வழி காட்டிய சோதனை இதுவே. கிரெஸ்வெல் பல்லையும் 20ஆம் நூற்றாண்டில் இத்தகைய வேதியியல் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். அதன் கூறுகள் அக்குகையின் மற்ற எலும்புகளோடு பொருந்தவில்லை. யார் கொண்டுவந்தது, பழங்கற்கால மனிதனா அல்லது 19ஆம் நூற்றாண்டு மனிதனா என்பதைச் சோதனை சொல்லாது. பெங்கெல்லியைப் போலக் கட்டி கட்டியாகப் பதிவு செய்திருந்தால் ஹீத்துக்கு வாயைத் திறக்க இடமே இருந்திருக்காது.

கேள்வி: முழுமையான ஸ்மைலோடானை முதலில் விவரித்தவர் டென்மார்க் நாட்டவர் என்கிறார்களே, அங்கே அந்த விலங்கு இருந்ததா? (வாசகர், சேலம்)

பதில்: விலங்கு இருந்தது பிரேசிலில். விவரித்தவர் கோபன்ஹேகனில் 1801இல் பிறந்த பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட். நுரையீரல் நோய்க்கு அஞ்சி வெப்பநாட்டுக்குப் போனவர், மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் வெடியுப்புக்காகக் குகை மண்ணைத் தோண்டுபவர்களின் கைகளில் எலும்புகள் அகப்படுவதைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். லாகோவா சாண்டா என்ற சிற்றூரை இருப்பிடமாகக் கொண்டு, நார்வே நாட்டு ஓவியர் பீட்டர் ஆண்ட்ரியாஸ் பிராண்ட் படம் வரைந்து உதவ, நூற்றுக்கணக்கான குகைகளுக்குள் இறங்கினார். துப்பாக்கி மருந்துக்காக மண்ணை அள்ளியவர்கள் வழிகாட்டியிராவிட்டால் அந்தக் குகைகளில் பாதி அவருக்குத் தெரிந்திருக்காது. அதே ஆட்கள் எத்தனை எலும்பை உடைத்தெறிந்திருப்பார்கள் என்பதும் கூடவே நினைக்க வேண்டியதுதான்.

முதலில் கையில் கிடைத்த சில பற்களை வைத்து, புது வகைக் கழுதைப்புலி என்று லுண்ட் நினைத்தார். மேலும் எலும்புகள் சேர்ந்த பிறகு, இது சிங்கத்தையும் விஞ்சிய பூனை என்று தெளிந்து, 1842இல் ஸ்மைலோடான் பாப்புலேட்டர் என்று பெயரிட்டார். குவியே கரடி என்றார், லுண்ட் கழுதைப்புலி என்றார். வாள்பல் பூனை பெரிய அறிஞர்களையே திணறடித்த விலங்கு. 1843இல் சுமிதூரோ குகையில், அழிந்த விலங்குகளின் எலும்புகளோடு மனித எலும்புகளும் அவருக்குக் கிடைத்தன. மெக்எனெரியைக் குழப்பிய அதே கேள்வி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் எழுந்தது. 1845இல் 12,000க்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்ட தமது சேகரிப்பை டென்மார்க் அரசருக்கு அனுப்பிவைத்துவிட்டு, குகைப் பணியை நிறுத்திக்கொண்டார். தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1880இல் லாகோவா சாண்டாவிலேயே இறந்தார்.

கேள்வி: அவ்வளவு நீளமான பல் கடிக்கும்போது உடைந்துவிடாதா? (எட்டாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்)

பதில்: உடையும். அதனால்தான் அந்த விலங்கு கண்ட இடத்தில் கடித்திருக்காது. ஸ்மைலோடான் பாப்புலேட்டரின் கோரைப்பல் வேரோடு சேர்த்து ஏறத்தாழ 28 சென்டிமீட்டர்; ஆனால் தட்டையானது, பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் தாங்காது. கணினி மாதிரிகளின்படி ஸ்மைலோடானின் கடிவலிமை சிங்கத்தினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே தடித்த முன்னங்கால்களால் இரையை வீழ்த்தி அசையவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிமையையும் சேர்த்துத் தொண்டையில் பல்லை இறக்கியிருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். ஹோமோதீரியத்தின் பல் இதைவிடக் குட்டை, கால்கள் நீளம். அது ஓடி வேட்டையாடியிருக்கும்.

கேள்வி: இந்தியாவில் வாள்பல் பூனை இருந்ததா? நம் குகைகளை யாரும் தோண்டவில்லையா? (வாசகர், சென்னை)

பதில்: இருந்தது. 1830களில் சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த ஹியூ ஃபால்கனரும், பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டிய ப்ரோபி காட்லியும் சிவாலிக் குன்றுகளில் திரட்டிய புதைபடிவங்களில் மெகாந்தீரியான் இனத்தினுடையவையும் இருந்தன. அந்த இனம் இன்று ஃபால்கனரின் பெயரையே தாங்கி நிற்கிறது. இதே ஃபால்கனர்தான் இங்கிலாந்துக்குத் திரும்பியபின் பிரிக்ஸம் குகையைத் தோண்டச் செய்தவர். அந்தக் குகையிலும் ஃபிரான்சின் ஆற்றுப் படுகைகளிலும் கிடைத்த கல் கருவிகள் கிளப்பிய பரபரப்பு சென்னைக்கும் எட்டியிருந்த நேரத்தில், புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார்.

குகைகளும் தோண்டப்பட்டன. 1884இல் ஃபூட்டும், படை அதிகாரியான அவர் மகன் ஹென்றியும் அன்றைய சென்னை மாகாணத்தின் கர்நூல் மாவட்டத்தில் உள்ள பில்ல சுரங்கம் குகைகளில் ஆழமாக அகழ்ந்து எலும்புகளை எடுத்தார்கள். அவற்றை இனம் பிரித்துப் புதைபடிவ அறிஞர் ரிச்சர்டு லைடெக்கர் வெளியிட்ட பட்டியலில் காண்டாமிருகமும் கழுதைப்புலியும் உண்டு. வாள்பல் பூனை இல்லை. சிவாலிக் பூனைகள் அந்தக் குகை மண் படிவதற்கு மிக முற்பட்ட காலத்தவை என்பதால் இதில் வியப்பில்லை.

கேள்வி: அதன் தோல் நிறம், மயிர் எல்லாம் கற்பனைதானே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அண்மைக்காலம் வரை கற்பனைதான். 2020இல் சைபீரியாவின் யாகூட்டியா பகுதியில், பதியாரிக்கா ஆற்றங்கரை உறைபனியிலிருந்து ஹோமோதீரியக் குட்டி ஒன்றின் தலையும் முன்னுடலும் தோலோடும் மயிரோடும் வெளிவந்தன. 2024 நவம்பரில் வெளியான ஆய்வின்படி, அது 35,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. இறக்கும்போது வயது மூன்று வாரம். மயிர் அடர்பழுப்பு நிறம், காதுகள் சிறியவை, பாதங்கள் அகன்று உருண்டவை, கழுத்து அதே வயதுச் சிங்கக் குட்டியைவிட மிகத் தடித்தது. வளர்ந்த விலங்கின் நிறமும் இதுவேதான் என்று இதைக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. குட்டியின் மயிர் வளர வளர மாறுவது பூனை இனத்தில் வழக்கம்.

ஐரோப்பாவில் ஹோமோதீரியம் 3,00,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு வடகடலில் மீன்பிடி வலையில் சிக்கிய ஒரு கீழ்த்தாடையின் வயது ஏறத்தாழ 28,000 ஆண்டு என்று தெரிந்தபின் அந்தக் கணக்கை மாற்ற வேண்டியதாயிற்று. கென்ட்ஸ் கேவர்ன் பற்களைப் பற்றிய விவாதமும் அதன்பின் மறுபடி சூடுபிடித்தது.

கேள்வி: இவற்றை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: லுண்ட் அனுப்பியவை கோபன்ஹேகனில், டென்மார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் தோண்டிய மாக்கினே குகைக்குப் பிரேசிலில் பயணிகள் போய் வரலாம். கென்ட்ஸ் கேவர்னும் சுற்றுலாக் குகைதான். அங்கே போகிறவர்கள் டார்க்கி அருங்காட்சியகத்தையும் விட்டுவிட வேண்டாம். பெங்கெல்லி எடுத்த பொருள்களை அங்கே பார்க்கலாம்.